பச்சைப் புள்ளி எல்லாம் புரோட்டீன் இல்ல: என் அனுபவம்

சிங்கப்பூர் ஒன்-நார்த் பக்கம் எங்க லேப்ல வயசான எலியோட மூளை ஸ்லைஸுக்கு, நாங்க தேடுற புரோட்டீன்ல போய் ஒட்டி பச்சையா ஒளிர்ற மாதிரி டை சேர்த்த ஆன்டிபாடி போட்டு மைக்ராஸ்கோப்ல பாத்தா செல்லுக்குள்ள பச்சைப் புள்ளி பளபளன்னு வந்துச்சு, ஜூனியர் தம்பி "அக்கா, சிக்னல் சூப்பர்"ங்கிறான், ஆனா அதே புள்ளி அதே இடத்துல சிவப்பு சேனல்லயும் (சிவப்பு ஒளியை மட்டும் காட்டுற ஃபில்டர்) இருந்துச்சு, பச்சை டை அங்க தெரியக் கூடாதே, அங்கதான் எனக்கு இடிச்சுது. டையே போடாத ஸ்லைஸை அதே எக்ஸ்போஷர்ல வச்சுப் பாத்தோம். அதுவும் மின்னுது! லிப்போஃபஸ்சின்தான், வயசாக ஆக நியூரான்ல சேர்ற கழிவு, பல சேனல்லயும் தானாவே ஒளிரும்.

ஸ்டெய்னிங் முடிஞ்சதும் 70% எத்தனால்ல கரைச்ச 0.1% சூடான் பிளாக் பி (அந்தக் கழிவுல ஒட்டி ஒளியை மறைக்கிற கருப்புச் சாயம்) போட்டு நல்லா கழுவினோம், புள்ளி அடங்கிடுச்சு, உண்மையான சிக்னல் நின்னுச்சு. அதுக்கப்புறம் டிட்டர்ஜென்ட் கலந்த பஃபர்ல கழுவாதீங்க, சூடான் பிளாக் போயிடும். ஃபார்-ரெட்ல, அதாவது அடர் சிவப்பு சேனல்ல, சூடான் பிளாக்கே கொஞ்சம் ஒளிரும், அதனால ஃபார்-ரெட் டையை இதோட சேக்காதீங்க.