இசட்80 நுண்செயலியை முதன்முதலாக இயக்கிப் பார்ப்பது எப்படி?

1976-இல் ஸைலாக் நிறுவனம் வெளியிட்ட இசட்80, டிஆர்எஸ்-80, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் போன்ற வீட்டுக் கணினிகளை மட்டுமன்றி, பேக்-மேன் விளையாட்டுப் பெட்டியையும் புரொஃபெட்-5 இசைக்கருவியையும் இயக்கியது. கணினியாக வளர்வதும் கருவிக்குள் அடங்குவதும் அதைச் சுற்றி எதைப் பொருத்துகிறோம் என்பதைப் பொறுத்ததே. ஆகவே மிகக் குறைந்த உறுப்புகளோடு தொடங்குவதே நல்லது.

சில்லு சீமாஸ் (CMOS) வகையாக இருக்க வேண்டும். பழைய என்மாஸ் (NMOS) வகையில் கடிகாரத்தை, அதாவது செயலியை அடியடியாக நடத்தும் மின்துடிப்பை, மிக மெதுவாக்கினால் உள்ளிருக்கும் மதிப்புகள் அழிந்துவிடும். கடிகாரத்துக்கு நொடிக்கு 100 துடிப்புகள் போதும். துடிப்புகளை உருவாக்கும் சாதாரண 555 சில்லின் வெளியீடு 5 வோல்ட்டை எட்டாது, இசட்80-இன் கடிகார முனையோ ஏறத்தாழ முழு 5 வோல்ட்டை எதிர்பார்க்கும் என்பதால், சீமாஸ் வகையான 7555-ஐப் பயன்படுத்துங்கள். செயலியை நிறுத்திவைக்கவோ இடைமறிக்கவோ உதவும் வெய்ட் (WAIT), பஸ்ரெக் (BUSREQ), இன்ட் (INT), என்எம்ஐ (NMI) ஆகிய நான்கு முனைகளையும் 10 கிலோஓம் மின்தடைகள் வழியே 5 வோல்ட்டுடன் இணைக்க வேண்டும். இவற்றை அந்தரத்தில் விட்டுவிட்டுச் சில்லைக் குறை சொல்பவர்கள் ஏராளம்.

முதல் சோதனைக்கு நினைவகமே தேவையில்லை. எட்டுத் தரவு முனைகளையும் தனித்தனி 10 கிலோஓம் மின்தடையால் தரையோடு இணைத்தால், செயலி எந்த முகவரியைப் படித்தாலும் சுழியமே கிடைக்கும்; அது 'எதுவும் செய்யாதே' என்னும் கட்டளை. ரீசெட் முனையைக் குறைந்தது மூன்று துடிப்புகளுக்குத் தரைமட்டத்தில் வைத்து விடுவித்தால், செயலி முகவரி 0-இலிருந்து மேல்நோக்கி எண்ணத் தொடங்கும். ஏ0 முதல் ஏ15 வரையிலான முகவரி முனைகளில் 2.2 கிலோஓம் மின்தடையோடு எல்இடிகளைப் பொருத்தினால் அதைக் கண்ணாலேயே காணலாம். ஏ7 முதல் மேலுள்ள விளக்குகள் எரியும்போது நடுங்கும், இது பழுதன்று. ஒவ்வொரு கட்டளையின் பிற்பாதியிலும் செயலி, அடிக்கடி புதுப்பிக்காவிட்டால் மறந்துவிடும் டைனமிக் ரேமைப் புதுப்பிப்பதற்கான முகவரியை வெளியிடுகிறது, அப்போது இந்த மேல் முனைகள் சுழியமாகிவிடுகின்றன.

அடுத்து, தரவு முனைகளின் மின்தடைகளை நீக்கிவிட்டு நிரலை வைத்திருக்கும் 28சி256 ஈஈப்ராம் (EEPROM) நினைவகத்தைப் பொருத்துங்கள். செயலியின் எம்ரெக் (MREQ) முனை அந்நினைவகத்தின் தேர்வு முனைக்கும், ஆர்டி (RD) முனை அதன் வெளியீட்டு அனுமதி முனைக்கும் செல்லட்டும். நினைவகத்தின் எழுதும் முனை 5 வோல்ட்டில் நிற்கட்டும். செயலி வெளியே தரவை அனுப்பும்போது இயங்கும் ஐஓஆர்க்யூ (IORQ), டபிள்யூஆர் (WR) முனைகள் இரண்டையும் ஓர் 'ஆர்' (OR) கதவில் சேர்த்து, அதன் வெளியீட்டை, தரவைப் பிடித்துவைக்கும் 74எச்சி574 தாழ்ப்பின் கடிகார முனைக்குக் கொடுங்கள். தாழ்ப்பின் உள்ளீடுகள் தரவுத் தடங்களில் சேரும். அதன் வெளியீட்டு அனுமதி முனை தரையில் இருக்கும். எட்டு வெளியீடுகளில் எல்இடிகள் அமரும்.

முகவரி 0 முதல் எழுத வேண்டிய பைட்டுகள், பதின்ம எண்களில்: 62, 1, 211, 0, 7, 24, 251. முதலிரண்டும் ஏ பதிவகத்தில் (செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடம்) 1-ஐ வைக்கின்றன. அடுத்த இரண்டு அதை வெளியே அனுப்புகின்றன. 7 அதை ஓரிடம் சுழற்றுகிறது. கடைசி இரண்டும் ஐந்து இடம் பின்னே தாவுகின்றன. ஒரு சுற்றுக்கு 27 துடிப்புகள் என்பதால், ஒளிப்புள்ளி நொடிக்கு ஏறத்தாழ நான்கு முறை நகரும்.

இதில் ரேம் இல்லை என்பதைக் கவனியுங்கள். சுவிட்சைப் படித்து ரிலேயை இயக்கும் சிறு கட்டுப்பாட்டுக் கருவிக்குப் பதிவகங்களே போதும். துணைநிரலை அழைக்கும் கட்டளைக்குத் திரும்பும் முகவரியை வைக்க நினைவகத்தில் அடுக்கு (stack) என்னும் இடம் வேண்டும் என்பதால் அப்போதுதான் ரேம் கட்டாயமாகிறது. ஏ15-ஐக் கொண்டு கீழ்ப்பாதி 32 கிலோபைட்டை ரோமுக்கும் மேற்பாதியை ரேமுக்கும் பிரித்துவிடலாம். கடிகாரத்தை 4 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் எட்டு விளக்குகளும் ஒருசேர எரிவதுபோல் தோன்றும்; அந்நிலையில் நிரலில் தாமதச் சுற்று ஒன்றைச் சேர்க்க வேண்டும்.