நைட் கார்டு தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: அமுக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

தூக்கத்தில் பல் கடிப்பவர்களுக்கு, இரவில் பற்களின்மேல் அணியும் காப்பான நைட் கார்டு செய்து கொடுப்பது என் அன்றாட வேலைகளுள் ஒன்று. அரசுச் சேவையை முடித்துவிட்டுப் பினாங்கில் எங்கள் கிளினிக்குக்கு வந்து சேரும் இளம் பல் மருத்துவர்கள், அந்தக் காப்பை எந்தப் பொருளில் செய்வது என்று முடிவெடுக்கும் விதத்தைப் பார்க்கும்போது, தொழிலுக்குப் புதிதாய் வந்த காலத்தில் நாங்கள் விழுந்த குழிகளில் அவர்களும் ஒன்றுவிடாமல் விழுவது தெரிகிறது. மருந்தகத்திலோ இணையத்திலோ தாமே வாங்கிக்கொள்ளும் நோயாளிகளும் அதையேதான் செய்கிறார்கள். காப்பைத் துலக்காமல் விடுவது, டிஷ்யூத் தாளில் சுற்றி வைத்து மறதியாகக் குப்பையில் போடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை சொல்லாமலே தெரிந்தவை.

மென்மையைக் கண்டு மயங்குவது

மேசையில் மாதிரிகளை எடுத்து வைத்தால், மருத்துவராகட்டும் நோயாளியாகட்டும், முதலில் செய்வது விரலால் அமுக்கிப் பார்ப்பதுதான். சௌராஸ்தா சந்தையில் மாம்பழம் பொறுக்குவதற்கு அந்த முறை பொருந்தும். காப்பு விஷயத்தில் விரல் சொல்வது முதல் இரவின் சுகத்தை மட்டுமே.

மென்மையான காப்பு பெரும்பாலும் ஈவிஏ என்னும் நெகிழியால் ஆனது. விளையாட்டு வீரர்கள் அணியும் வாய்க்காப்பும் செருப்பின் அடிப்பாகமும் இதே வகைப் பொருளில் செய்யப்படுகின்றன. பல்லின் அச்சு மாதிரியின்மேல் சூடாக்கிய தகட்டை உறிஞ்சிப் படியவைத்தால் காப்பு தயாராகிவிடும் என்பதால் வேலையும் குறைவு, விலையும் குறைவு. பந்தோ முழங்கையோ வந்து மோதும் அந்த ஒரு நொடியின் விசையை உள்வாங்குவதற்கு இப்பொருள் ஏற்றது. தாடை இறுகிக் கிடந்தும் பக்கவாட்டில் அரைத்தும், இரவில் பலமுறை திரும்பத் திரும்ப நடக்கும் தேய்ப்பு வேறு வகையான விசை. 1987ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவ ஆய்வாளர் ஜெஃப்ரி ஓக்கெசன், பல் கடிக்கும் பத்துப் பேருக்கு மென்மை, கெட்டி என இருவகைக் காப்புகளையும் அணிவித்து, இரவில் அவர்களுடைய தாடைத் தசை எவ்வளவு இயங்குகிறது என்று அளந்து பார்த்தார். கெட்டிக் காப்பு அணிந்தபோது எட்டுப் பேருக்கு அந்த இயக்கம் குறைந்தது. மென்காப்பு அணிந்தபோது ஐந்து பேருக்கு அது கூடியது. பத்துப் பேரை வைத்து எல்லாருக்கும் தீர்ப்பு எழுத முடியாதுதான். எனினும் சிலருக்கு, வாயில் மெத்தென்ற ஒன்று அகப்பட்டால் தாடை அதை மெல்லத் தொடங்கிவிடுகிறது என்பதை நானும் பார்த்து வருகிறேன்.

ஆனால் எனக்கு இன்னமும் எரிச்சலூட்டுவது அந்த மெல்லுதல் அன்று. மென்காப்பைச் செப்பனிட முடியாது என்பதை யாருமே கணக்கில் எடுப்பதில்லை என்பதுதான். எந்தக் காப்பும் வாயில் வைத்த மறுகணமே சரியாக அமைந்துவிடுவதில்லை. கார்பன் தாளைக் கடிக்கச் சொல்லி, எந்தப் பல் முந்திக்கொண்டு படுகிறது என்று பார்த்து, அந்த இடத்தைச் சுழல்முனையால் தேய்த்து, எதிர்ப்பற்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே அளவு அழுத்தத்தோடு படும்வரை அதைத் திரும்பச் செய்ய வேண்டும். கெட்டிக் காப்பு செய்யப்படும் அக்ரிலிக் என்னும் நெகிழியில் இது நடக்கும். குறைந்த இடத்தில் புதிதாக அக்ரிலிக் சேர்க்கவும் முடியும். ஈவிஏயிலோ சுழல்முனை வெட்டுவதற்குப் பதிலாக அதை இழுத்துப் பிய்க்கிறது. கார்பன் தாளின் புள்ளிகள் அழுத்தத்தில் பரவிப்போய் எதையும் காட்டுவதில்லை. மேலே சேர்க்கும் அக்ரிலிக் ஒட்டுவதுமில்லை. ஆகவே முந்திப் படும் பல், காப்பின் ஆயுள் முழுவதும் முந்தியே படும்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இரவுப்பணி பார்க்கும் ஓர் அம்மா, வேறோர் இடத்தில் செய்த மென்காப்போடு எங்களிடம் வந்தார். வலப்பக்கக் கடைசிப் பல் படும் இடத்தில் துளை விழுந்திருந்தது. அதற்கு முந்தைய காப்பிலும் அதே இடத்தில்தான் துளையாம்; ஒவ்வொரு முறையும் அதே பொருளில், அதே தடிமனில், புதியது செய்து கொடுத்திருக்கிறார்கள். “கெட்டி வேண்டாங்க டாக்டர், மெத்துனு இருக்கிறதுதான் வாய்க்குச் சுகமா இருக்கு” என்றார் அவர். தாடை எங்கே சுமையை இறக்குகிறது என்பதை அந்தத் துளை எழுதி வைத்தது போலக் காட்டியும், அதை ஒருவரும் படிக்கவில்லை. பெரிய பழைய அடைப்பு இருந்த அந்தப் பல் பிறகு பிளந்து, வேர் சிகிச்சை, அதன்மேல் கிரௌன் எனப்படும் பல்லுறை என்று போனது. கெட்டிக் காப்பு இருந்திருந்தால் பல் நிச்சயம் தப்பியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே பல்லின்மீது விழுந்த சுமையைப் பிரித்துக் கொடுக்கும் வாய்ப்பாவது இருந்திருக்கும். மலிவு என்று செய்த காப்புகளின் மொத்த விலையும் அந்த ஒரு பல்லுக்கான செலவும் சேர்ந்து, ஒழுங்காகச் செய்த அக்ரிலிக் காப்பின் விலையைத் தாண்டிப் பல மடங்கு ஓடிவிட்டன.

கெட்டியான பொருள் எதிர்ப் பல்லைத் தேய்த்துவிடும் என்ற அச்சமும் மென்காப்பின் பக்கம் பலரைத் தள்ளுகிறது. அக்ரிலிக் பற்சிப்பியைவிட மென்மையானது. இரண்டும் உரசினால் தேய்வது காப்புதான், அதற்காகத்தான் அதை அணிகிறோம். அதே சமயம், கெட்டிக் காப்பைக் கொடுத்துவிட்டுக் கார்பன் தாளைத் தொடாமலே நோயாளியை அனுப்பும் இளம் மருத்துவரிடம் நான் சொல்வது: தம்பி, அதற்கு மென்காப்பையே கொடுத்திருக்கலாம். கடைவாய்ப் பற்களின் மேல் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனும், செப்பனிட ஒன்றிரண்டு மறுவருகைகளும் இல்லாவிட்டால் அக்ரிலிக் வெறும் கெட்டியான பொருள் மட்டுமே.

பற்கள் சாய்ந்தோ நெருக்கியடித்தோ இருப்பவர்களுக்குக் கெட்டிக் காப்பு விறைப்பாக உட்காரும், சிலருக்கு உட்காரவே மறுக்கும். அவர்களுக்கு உள்ளே மென்மையும் வெளியே கெட்டியுமான ஈரடுக்குக் காப்பு நல்லது. வெளியடுக்கைத் தேய்த்துச் சரிசெய்யலாம். நாள்பட அடுக்குகள் பிரியக்கூடும், இடையில் கறையும் ஏறும். அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ரிட்டேய்னரையே காப்பாக்குவது

கம்பி கழற்றியபின் தரப்படும் கண்ணாடி போன்ற மெல்லிய ரிட்டேய்னர், பல் நகராமல் பிடித்து வைப்பதற்கானது. அரைப்பவரின் வாயில் அது விரிசல் விடும்.

முன்பற்களை மட்டும் மூடும் சிறு துண்டு

மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் வேண்டாம். மூடப்படாத கடைவாய்ப் பற்கள் காலப்போக்கில் எழும்பிக் கடியே மாறிவிடலாம். தவிரவும், தூக்கத்தில் தொண்டைக்குள் போய்விடக்கூடிய அளவு அது.

‘கணினியில் செய்தது’ என்பதைப் பொருளின் பெயராக எடுத்துக்கொள்வது

கணினி வழியில் செய்யும் காப்பு இருவகைப்படும். ஏற்கெனவே முழுமையாக இறுகிய அக்ரிலிக் வட்டிலிருந்து கடைந்தெடுப்பது ஒன்று. திரவ ரெசினை ஒளியால் அடுக்கடுக்காக இறுகவைத்து அச்சிடுவது மற்றொன்று. கடைந்தெடுத்ததில் மோனோமர், அதாவது இறுகாமல் எஞ்சிய மூலப்பொருள், குறைவு, வலிமையும் நம்பத்தக்கது. அச்சிட்டதன் தரம் எந்த ரெசின் என்பதையும், அச்சிட்டபின் அதை ஆல்கஹாலில் கழுவி, ஒளிப்பெட்டியில் வைத்து எவ்வளவு ஒழுங்காக இறுகவைத்தார்கள் என்பதையும் பொறுத்தது. அந்தக் கடைசிப் படியில் அவசரப்படும் லேப் எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரம் வைத்திருந்தும் பயனில்லை. எனவே செய்முறையைக் கேட்பதோடு நில்லாமல், பொருள் என்ன, உடைந்தால் ஒட்டவோ சேர்க்கவோ முடியுமா என்றும் கேளுங்கள்.

ஒவ்வாமையைக் கேட்காமல் விடுவது

ஜெல் நகப்பூச்சால் விரலில் அரிப்போ கொப்புளமோ வந்தவர், அதை முதலிலேயே சொல்ல வேண்டும். அதிலிருப்பதும் அக்ரிலிக் குடும்பம்தான்.

குறட்டையைக் கேட்காமல் பொருளைப் பேசுவது

படுக்கையில் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. உரத்த குறட்டையும், நடுநடுவே மூச்சு நின்று திணறுவதும், பகலில் தூங்கி விழுவதும் இருந்தால், காப்பு அக்ரிலிக்கா ஈவிஏயா என்ற பேச்சுக்கே போகக் கூடாது. மூச்சுத் தடை உள்ள சிலருக்கு மேல்தாடைக் காப்பு அத்தடையைக் கூட்டியது 2004இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில் தெரியவந்தது. அவர்களுக்கு முதலில் உறக்கப் பரிசோதனை வேண்டும். கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் வேறு வகைச் சாதனம்கூடத் தேவைப்படலாம்.

வெந்நீரும் வெயிலும்

காப்பைக் கழுவக் கொதிநீர் வேண்டாம்; வெயிலில் நிறுத்திய காரில் அதை விட்டுவைக்கவும் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் இளக்கி அணியும்படியே செய்த அக்ரிலிக் வகை ஒன்று உண்டு. அதற்கு மட்டும் அதற்குச் சொன்ன வெப்பம்.

வீட்டிலேயே அச்செடுப்பது

கொதிநீரில் இளக்கிக் கடித்துப் பதியவைக்கும் மருந்தகக் காப்பை, சரியானது தயாராகும்வரை சில வாரங்களுக்கு அணிந்து சமாளிக்கலாம். சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்து வீட்டுக்கே வந்து பல் அச்செடுப்பவர்களை அண்ட விடாதீர்கள். பதிவு பெறாதவர் பல் மருத்துவம் செய்வது மலேசியாவின் 2018ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டப்படி குற்றம்.

குழந்தைகளுக்கும் கெட்டிக் காப்பு கேட்பது

குழந்தை இரவில் நறநறவென்று பல்லைக் கடித்தால், வயிற்றில் பூச்சி என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டுப் பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, அது பலிக்காமல் என்னிடம் அழைத்து வருகிறார்கள். பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும் வயதில் தாடை வளர்ந்துகொண்டே இருப்பதால், கெட்டிக் காப்பு விரைவில் பொருந்தாமல் போவதோடு முளைக்கும் பல்லையும் தடுக்கக்கூடும். பெரும்பாலான குழந்தைகளுக்கு எந்தக் காப்பும் தேவைப்படுவதில்லை. வயது ஏறஏறப் பழக்கம் தானாகக் குறைகிறது. மிக அரிதாகக் காப்பு கொடுத்தே ஆக வேண்டியிருந்தால், அங்கேதான் நான் மென்மையான ஈவிஏயைக் கையில் எடுக்கிறேன். அதையும் சில மாதங்களுக்கு ஒருமுறை பொருத்திப் பார்த்து, இறுக்கம் தெரிந்த அன்றே நிறுத்திவிடுகிறேன்.