பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் விளக்கை மாற்றுங்கள்

"அப்பா, நம்ம ஹால் ஏன் எப்பவும் ஆஸ்பத்திரி மாதிரியே இருக்கு?" என்று மகள் கேட்டபோது நான் ஏணி மேல் நின்று இரண்டாவது கோட் அடித்துக்கொண்டிருந்தேன். சந்தன நிறம் என்று ஆசைப்பட்டு வாங்கிய பெயின்ட். கீழே இறங்கி நாலு அடி தள்ளி நின்று பார்த்தால், அவள் சொன்னது சரிதான். சுவர் சோகை பிடித்த முகம் போல வெளிறிக் கிடந்தது. மூன்று நாள் வேலை, கழுத்து வலி வேறு. கோளாறு சுவரில் இல்லை, தலைக்கு மேல் எரிந்த குழல் விளக்கில் இருக்கிறது என்று எனக்கு உறைக்க இன்னும் ஒரு வாரம் ஆனது.

வீட்டின் உட்புறத்தைப் புதுசாக்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போலத்தான் இறங்குகிறார்கள்: முதலில் பெயின்ட், அப்புறம் சோபா, பணம் மிஞ்சினால் விளக்கு. அந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பாருங்கள். வாங்க வேண்டும் என்று எழுதி வைத்த பட்டியலில் நிறைய வெட்டுப்படும்.

எதையும் வாங்குவதற்கு முன், அறையின் நான்கு மூலையிலும் நின்று போனில் படம் எடுங்கள். தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரியாதது படத்தில் பளிச்சென்று தெரியும். என் ஹால் படத்தில் தெரிந்தவை: டிவிக்குக் கீழே குடல் சரிந்தது போல் தொங்கும் ஒயர்கள், ஸ்விட்ச் பலகையைச் சுற்றிலும் விரல் அழுக்கு, கதவுக்குப் பின்னால் மடக்கிச் சாத்தி வைத்த மேஜை. அந்த மேஜையை விரித்து யாராவது உட்கார்ந்ததாக எனக்கு நினைவே இல்லை.

அடுத்தது, அறையை முழுசாகக் காலி செய்வது. பாதிக் காலி உதவாது. எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, தேவைப்படுவதை மட்டும் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவாருங்கள். வெளியே தூக்கும்போது வராத யோசனை, திரும்ப உள்ளே தூக்கும்போது முதுகு வழியாக வரும். எங்கள் வீட்டில் ஏழு சாமான் உள்ளே திரும்பவில்லை.

உள்ளே வைக்கும்போது சில அளவுகள் கைகொடுக்கும். ஆள் நடக்கிற வழிக்கு 80 முதல் 90 செ.மீ. விடுங்கள். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே 40 முதல் 45 செ.மீ. போதும். அதைவிடக் குறைந்தால் முழங்கால் இடிக்கும், கூடினால் டம்ளரை எட்டி வைக்க வேண்டியிருக்கும். இடம் இருந்தால் சோபாவைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் முன்னால் இழுத்துப் போடுங்கள். அறை குறுகிவிடும் என்று பயந்தேன், ஆனால் கொஞ்சம் விசாலமாகத்தான் தோன்றியது. புதுச் சாமான் வாங்குவதாக இருந்தால், அதன் நீள அகலத்தைத் தரையில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிட்டு இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். நான் வாங்கத் துடித்த எல் வடிவ சோபா அந்த டேப்போடு போயிற்று.

இப்போது விளக்கு. பல்பு வாங்கும்போது எல்லோரும் வாட் மட்டும்தான் பார்க்கிறோம். எல்இடியில் வாட் என்பது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதுதான். வெளிச்சம் எவ்வளவு என்பது லூமென் கணக்கு. பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் சுமார் 800 லூமென். வெளிச்சத்தின் நிறம் கெல்வின் கணக்கு: 2700 முதல் 3000 என்றால் மாலை நேரத்து மஞ்சள், 4000 என்றால் நடுவாந்தரம், 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. எங்கள் ஹாலில் அதுவரை எரிந்தது 6500. சந்தன நிறத்தில் உயிராக இருப்பது மஞ்சளும் சிவப்பும். அந்த விளக்கோ நீலத்தை அள்ளிக் கொட்டுகிறது. சுவர் வெளிறாமல் என்ன செய்யும்?

பெட்டியில் சிஆர்ஐ என்று இன்னொரு எண்ணும் இருக்கும். பொருள்களின் இயல்பான நிறத்தை அந்த விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பு அது, உச்சம் 100. சாதாரணமாகக் கிடைப்பது 80. கண்ணாடி முன்னாலும் சாப்பாட்டு மேஜைக்கு மேலும் 90 உள்ளதைத் தேடி வாங்கலாம். ஒரே அறையில் ஒரு விளக்கு மஞ்சள், இன்னொன்று நீலம் என்று கலக்காதீர்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வைப்பதானால், டிம்மருக்கு ஏற்றது என்று பெட்டியில் போட்டிருக்கும் பல்பாகப் பாருங்கள். இல்லாவிட்டால் மினுக்கி மினுக்கிக் கண்ணைப் படுத்தும்.

நிறத்தைப் போலவே உயரமும் முக்கியம். கூரை நடுவே ஒற்றை விளக்கு எரிந்தால், அதன் கீழ் உட்கார்ந்த எல்லோர் கண்ணுக்கடியிலும் கருவளையம் விழுகிறது, அறையின் மூலைகள் இருண்டு போகின்றன. அதற்குப் பதிலாக மூன்று சின்ன விளக்குகளை மூன்று உயரத்தில் வையுங்கள். நான் சோபா பக்கத்தில் ஒரு நிற்கும் விளக்கு, அலமாரி மேல் ஒரு மேஜை விளக்கு, மூலையில் சுவரைப் பார்த்தபடி ஒன்று என்று வைத்தேன். மூன்றும் 2700. அன்று மாலை மகள் உள்ளே வந்து, "மறுபடியும் பெயின்ட் அடிச்சீங்களா?" என்றாள்.

சமையல் மேடை கதை வேறு. அங்கே விளக்கு நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும், நறுக்குகிற இடத்தில் நம் நிழலே விழும். மேல் அலமாரியின் அடிப்பக்கத்தில், சுவரை ஒட்டி வைக்காமல் முன் விளிம்பை ஒட்டி ஒரு எல்இடி பட்டை வைத்தால் தீர்ந்தது. அங்கே 4000 எனக்குச் சரியாக இருக்கிறது.

விளக்கை மாற்றிய பிறகும் சுவர் பிடிக்கவில்லை என்றால்தான் பெயின்ட். படுக்கையறையை இந்த வரிசைப்படிதான் செய்தேன். நிற அட்டையில் இருக்கும் தீப்பெட்டி அளவு சதுரத்தை நம்ப வேண்டாம். சின்ன டப்பா ஒன்று வாங்கி, பெரிய வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். அந்த அட்டையை ஜன்னலுக்கு எதிர்ச்சுவர், ஜன்னல் பக்கத்துச் சுவர் என்று நகர்த்திக் காலை, மதியம், விளக்கு போட்ட பிறகு என மூன்று வேளையும் பாருங்கள். ஒரே நிறம் மூன்று வேளைக்கு மூன்று வேஷம் போடும்.

ஓதம் இருக்கிற சுவரில் பெயின்ட் அடிப்பது புண்ணுக்கு மேல் பவுடர் பூசுகிற வேலை. சந்தேகம் இருந்தால், ஒரு முழச் சதுரம் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப்பால் இறுக்கி ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் ஈரம் கோத்திருந்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் கோத்திருந்தால், அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது, காற்றோட்டம்தான் போதவில்லை. முன்னது என்றால் கசிவு எங்கே என்று கண்டுபிடித்து, அதை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் மற்றதெல்லாம். வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும்.

விரிசலுக்குப் பட்டி பார்த்து, காய்ந்ததும் 120 எண் உப்புத்தாள், பிறகு 220 எண் போட்டுத் தேயுங்கள். வீடு ரொம்பப் பழசு என்றால் உலர்ந்த பெயின்ட்டைத் தேய்க்காதீர்கள். பழைய பெயின்ட்டுகளில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, அந்தத் தூசி குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது. அப்படிப்பட்ட வீட்டை வேலை தெரிந்தவர்களிடம் விடுவதே நல்லது. தேய்த்த தூசியைத் துடைத்துவிட்டு, பட்டி பார்த்த இடத்தில், பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமரைக் கட்டாயம் அடியுங்கள். நான் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். பட்டி பெயின்ட்டை அதிகமாகக் குடித்துவிடும், அந்த இடம் மட்டும் மங்கலாக நிற்கும். படுக்கையறையில் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது, என் சோம்பல் கட்டிலுக்கு மேல் ஐந்து திட்டாகத் தெரிகிறது.

மேடுபள்ளமான சுவருக்குப் பளபளப்பில்லாத மேட் வகை பெயின்ட். பளபளப்பு கூடக்கூட ஒவ்வொரு மேடும் காட்டிக் கொடுக்கும். கை படும், தண்ணீர் தெறிக்கும் இடங்களுக்கு மட்டும் லேசான பளபளப்புள்ள சாட்டின், துடைக்கச் சுலபம். ஓரங்களைப் பிரஷ்ஷால் அடித்த ஈரம் காய்வதற்குள் ரோலர் போட்டு அதோடு சேர்த்துவிடுங்கள், கோடு விழாது. மாஸ்கிங் டேப்பைக் கடைசிக் கோட் முழுக்கக் காய்வதற்கு முன்பே உரியுங்கள். வேலை மறுநாளுக்கு நீண்டால் ரோலரைக் கழுவக்கூட வேண்டாம், காற்றுப் புகாமல் பாலிதீன் பையில் சுற்றி வைத்தால் காலையில் அப்படியே எடுக்கலாம்.

திரைச்சீலை விஷயத்தில் ஒன்றுதான்: கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு மேல் 15 முதல் 20 செ.மீ. உயர்த்தி, இரண்டு பக்கமும் 20 செ.மீ. நீட்டி அடியுங்கள். திறந்தால் துணி சுவரில் ஒதுங்கும், கண்ணாடி முழுக்க வெளிச்சம் வரும், ஜன்னலும் பெரிதாகத் தெரியும். துணியின் அகலம் கம்பியைப் போல இரண்டு மடங்கு இருந்தால்தான் மடிப்பு அழகாக விழும். பருத்தி என்றால் துவைத்துச் சுருங்கவிட்டுப் பிறகு ஓரம் தையுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு திரை கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கின்றன, காரணம் கேட்க வேண்டாம்.

படங்களின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். ஆணி அடிக்கும் முன் படத்தின் அளவில் காகிதம் வெட்டி ஒட்டிப் பாருங்கள். செடி வைப்பது பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நான் வைத்த மூன்றும் போய்ச் சேர்ந்தன.

கடைசியாக, ஒரு ஸ்குரூ டிரைவர் மட்டும் கேட்கும் வேலை. சமையலறைக் கப்போர்டு கதவுகள் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று கோணிக்கொண்டு நிற்கிறதா? கதவைத் திறந்து உள்பக்கக் கீலைப் பாருங்கள். உள்ளே மறைந்திருக்கும் வகைக் கீல் என்றால், பெரும்பாலும் ஒரு திருகு கதவை இடம் வலமாகவும், இன்னொன்று முன்னே பின்னேயும் நகர்த்தும். கப்போர்டின் பக்கப் பலகையோடு பிடித்திருக்கும் தகட்டின் திருகுகளைச் சற்றுத் தளர்த்தினால் மேலே கீழே நகரும். கால் சுற்று திருப்புங்கள், கதவை மூடிப் பாருங்கள், மறுபடி கால் சுற்று. கைப்பிடியும் மாற்றுவதானால் இரண்டு திருகு ஓட்டைகளின் நடுவுக்கு நடு எவ்வளவு என்று மில்லிமீட்டரில் அளந்துகொண்டு போங்கள். 96, 128 இரண்டும் அதிகம் புழங்கும் அளவுகள். நான் குத்துமதிப்பாக வாங்கி வந்த பன்னிரண்டு கைப்பிடிகள் இன்னும் டப்பாவில்தான் இருக்கின்றன.