வரையறை தெரியும், அறிவியல் தெரியுமா? நடுநிலை வகுப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று கேட்டால் ஏழாம் வகுப்புப் பிள்ளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். சரி, இவ்வளவு பெரிய மரத்தின் கட்டை எதிலிருந்து வந்தது என்று கேளுங்கள். "மண்ணிலிருந்து" என்று பதில் வரும். ஒரு நிமிடம் முன்னால் கார்பன் டை ஆக்சைடு என்று சொன்ன அதே வாய்! வரையறை மனப்பாடமானதும் பாடம் புரிந்துவிட்டது என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் முளைக்கின்றன.

அந்தப் பதிலைத் தப்பு என்று அடித்துவிட்டு நகர்ந்துவிடுவது ஆசிரியரும் பெற்றோரும் செய்யும் தவறு. பெரிய அறிஞர்களே நெடுங்காலம் அப்படித்தான் நம்பினார்கள். அதைச் சோதித்துப் பார்க்க, வான் ஹெல்மாண்ட் என்ற வேதியியலாளர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றி 5 ஆண்டுகள் வளர்த்தார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ்தான். 1648-இல் வெளியான அவருடைய நூலில் இது இருக்கிறது. எல்லாமே தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவுகட்டினார். காற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு, "அப்படியானால் மீதி எடை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டு, பிள்ளை யோசிக்கும் வரை காத்திருங்கள்.

அடுத்தது, அளவீட்டைப் புத்தகத்துக்கு ஏற்ப மாற்றி எழுதுவது. தண்ணீர் கொதிக்கிறது, வெப்பநிலைமானி 98-இல் நிற்கிறது. மாணவர் குறிப்பேட்டில் 100 என்று எழுதுகிறார். 100 டிகிரி செல்சியஸ் என்பது கடல்மட்டக் காற்றழுத்தத்துக்கு உரியது. உயரமான இடங்களில் தண்ணீர் அதற்கு முன்பே கொதித்துவிடும். கருவியிலும் சின்னப் பிழை இருக்கலாம். 98 என்று எழுதி, ஏன் என்று கேட்டிருந்தால் அங்கேயே ஒரு பாடம் கிடைத்திருக்கும். இன்னும் சிலர், அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும்போது அளவு ஏறாமல் நிற்பதைப் பார்த்து, கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து, வரைபடத்தில் கோட்டை மேலே இழுத்துவிடுகிறார்கள். அந்தத் தட்டைக் கோடுதான் முக்கியம். கொடுக்கிற வெப்பம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது, அதனால் வெப்பநிலை உயரவில்லை. வெப்பமும் வெப்பநிலையும் வேறுவேறு என்று கண்ணுக்குத் தெரிகிற இடம் அது.

நிறை, எடை குழப்பமும் இந்த வகைதான். நிலாவுக்குப் போனாலும் 60 கிலோ நிறை 60 கிலோதான். அந்த நிறையை ஈர்ப்பு இழுக்கும் விசையான எடை மட்டும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகும், அதை விசையின் அலகான நியூட்டனில் சொல்ல வேண்டும். அலகு எழுதாத விடையை முழு விடையாக ஏற்கவே கூடாது.

அப்புறம், படம் வரைவது. நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைப் பார்க்கச் சொன்னால், ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் உள்ள தாவர செல்லை வரைந்து, உள்ளே ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நிறப் பசுங்கணிகங்களையும் தீட்டிவிடுகிறார்கள். வெங்காயத் தோலில் பசுங்கணிகமே இல்லை. எதைப் பார்த்தாயோ அதை மட்டும் வரை என்று சொல்லிப் பாருங்கள். "ஏன் இங்கே பச்சையே இல்லை?" என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் தேடினால், வெளிச்சம் படாமல் மண்ணுக்குள் உணவைச் சேமிக்கும் பகுதி அது என்று தெரியவரும். ஒப்பித்த ஒளிச்சேர்க்கை அப்போதுதான் உண்மையில் புரியத் தொடங்கும்.