கட்டிங் ஆயில் இல்லாமல் இரும்பில் துளை போடுவது எப்படி? அடுப்படி எண்ணெயே போதும்

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்டு செய்யும்போதுதான் நான் முதன்முதலில் இரும்பில் துளை போட்டேன். 6 மி.மீ. கனமுள்ள எம்.எஸ். (சாதாரண இரும்பு) ஆங்கிள், 10 மி.மீ. போல்ட். சுவரில் போடுவது போலவே டிரில் மெஷினின் டிரிகரை முழுக்க அழுத்திப் பிடித்தேன். கிறீச்சென்று சத்தம், கருகல் வாடை. எடுத்துப் பார்த்தால் பிட்டின் (துளைக்கும் கம்பியின்) முனை நீலமாகியிருந்தது. அதற்குப் பிறகு அது மரத்தில்கூட ஒழுங்காக இறங்கவில்லை.

கடையில் மலிவாகக் கிடைத்த கார்பன் ஸ்டீல் பிட் அது. சுமார் 250 டிகிரி (செல்சியஸ்) சூடு ஏறினாலே அதன் பதம், அதாவது கடினம், இறங்க ஆரம்பித்துவிடும். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட் கிட்டத்தட்ட 600 டிகிரி வரை தாங்கும். ஆகவே முதலில் எச்.எஸ்.எஸ். பிட் வாங்குங்கள். பட்டறைகளில் வெட்டும் முனைக்கு விடும் கட்டிங் ஆயிலுக்குப் பதில் உட்பட மீதி எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது.

எண்ணெய் என்ன செய்கிறது?

பிட் இரும்பைச் சீவும்போது உலோகம் நசுங்கிப் பிரிகிறது. அந்தச் சீவல் பிட்டின் முகத்தில் உரசிக்கொண்டே வெளியேறுகிறது. சூடு பிறப்பது இந்த இரண்டிலும்தான். எண்ணெய் உரசலைக் குறைக்கிறது, கொஞ்சம் சூட்டையும் எடுத்துக்கொள்கிறது, சீவல் முனையில் ஒட்டிப் பிடிக்காமலும் பார்த்துக்கொள்கிறது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1880களில் அமெரிக்காவின் மிட்வேல் எஃகு ஆலையில் ஃபிரடெரிக் டெய்லர் என்ற பொறியாளர், வெட்டும் இடத்தில் தண்ணீரைத் தாராளமாகக் கொட்டிப் பார்த்தார். வெட்டும் வேகத்தை 30 முதல் 40 சதவீதம் வரை கூட்ட முடிந்தது. துருப் பிடிக்காமல் இருக்க அந்தத் தண்ணீரில் சோடா கரைத்தார்கள். வெறும் தண்ணீருக்கே அவ்வளவு பலன்.

எந்த உலோகத்துக்கு எது?

சாதாரண இரும்புக்கு என் முதல் தேர்வு தேங்காய் எண்ணெய். தாவர எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் உலோகத்தின் மேல் நன்றாகப் பற்றிக்கொள்ளும். அழுத்தம் கூடினாலும் எளிதில் வழித்துக்கொண்டு போகாது. நல்லெண்ணெய், கடலெண்ணெயும் வேலை செய்யும். ஆனால் துடைக்காமல் விட்டால் சில நாளில் பிசுபிசுக்கும். சூரியகாந்தி எண்ணெய் இந்த விஷயத்தில் இன்னும் மோசம். தேங்காய் எண்ணெயில் அந்தத் தொல்லை குறைவு. மார்கழிக் குளிரில் உறைந்திருந்தால் உருக்க வேண்டாம், அப்படியே தடவலாம். நிற்கும் கம்பத்தில் பக்கவாட்டில் துளை போடும்போது வழியாமல் நிற்பது அதுதான். வெயில் காலத்தில் அந்த வேலைக்கு வனஸ்பதி வைத்துக்கொள்ளுங்கள்.

எவர்சில்வர் வேறு கதை. பிட் வெட்டாமல் சும்மா உரசினால் அந்த இடம் இறுகிக் கெட்டியாகிவிடும். அப்புறம் எந்தப் பிட்டும் இறங்காது. இதற்கு விளக்கெண்ணெய்தான் நல்லது. கெட்டியாக இருப்பதால் முனையிலேயே நிற்கும். டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) வைத்து மரை போடுவதற்கும் நான் இதைத்தான் எடுப்பேன். டேப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று திருப்பினால் சீவல் உடைந்து விழும்.

அலுமினியம் பிட்டில் அப்பிக்கொள்ளும். மண்ணெண்ணெய் அதைத் தடுக்கும். ஆனால் கார்பன் பிரஷ் உள்ள டிரில் மோட்டாரில் தீப்பொறி பறக்கும் என்பதை மறக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில், தூரிகையால் லேசாகத் தொட்டு வைத்தால் போதும். டப்பாவைத் தள்ளி வையுங்கள். டபிள்யூடி-40 ஸ்பிரே இருந்தால் அதுவும் சரி, அதுவும் தீப்பிடிக்கக்கூடியதுதான்.

பித்தளைக்கும் வார்ப்பிரும்புக்கும் எதுவும் வேண்டாம். வார்ப்பிரும்பில் கிராஃபைட் இருக்கிறது, அதுவே மசகு. எண்ணெய் விட்டால் தூள் சேறாகித் துளையை அடைக்கும்.

மெக்கானிக் கடையில் கேட்டால் பழைய எஞ்சின் ஆயில் கொடுப்பார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அதில் சேர்ந்திருக்கும் எரிபொருள் கழிவுகள் தொடர்ந்து தோலில் பட்டால் புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடியவை. சூட்டில் வரும் புகையும் நல்லதல்ல. பெட்ரோல், தின்னர் பக்கமே போக வேண்டாம். சோப்புத் தண்ணீர் நன்றாகக் குளிர்விக்கும்தான், ஆனால் கரண்டில் ஓடும் மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீர் விடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதைக் கை ரம்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வேலையைத் தொடங்கலாம்

படி 1: துளை வரும் இடத்தில் குறி போட்டு, சென்டர் பஞ்சால் (கூர்முனை உளி) ஒரே அடி. இந்தச் சின்னப் பள்ளம் இல்லாவிட்டால் பிட் வழுக்கி ஓடும்.

படி 2: இரும்பை வைஸிலோ சி கிளாம்ப்பிலோ இறுக்குங்கள். சின்னத் துண்டுதானே என்று கையில் பிடிக்காதீர்கள். பிட் மறுபக்கம் வெளியேறும் நொடியில் விளிம்பில் மாட்டிக்கொண்டு துண்டையே காற்றாடி போலச் சுழற்றும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கையுறை கூடாது, பிட்டில் சுற்றினால் விரலையும் இழுக்கும். துப்பட்டா, தொங்கும் சட்டைக் கைக்கும் இதே விதிதான்.

படி 3: ஹேமர் பொத்தான் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சுவருக்குப் போட்டு அப்படியே விட்டிருப்போம்.

படி 4: வேகம். எண்ணெயை விட இதுதான் முக்கியம் என்பது என் அனுபவம். எந்த எண்ணெய் விட்டாலும் வேகம் கூடினால் பிட் போய்விடும். சாதாரண இரும்புக்கு ஒரு சுலபமான கணக்கு: 8000ஐப் பிட்டின் விட்டத்தால் வகுங்கள். 4 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 2000 சுற்று, 10 மி.மீ.க்கு 800. எவர்சில்வர் என்றால் 3000ஐ வகுங்கள், 10 மி.மீ.க்கு 300தான் வரும். மெஷினில் 2800 என்று போட்டிருந்தால் 10 மி.மீ. பிட்டுக்கு டிரிகரைக் கால் பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் போதும். இந்த எண்ணுக்கு மேலே போவதை விடக் கீழே இருப்பது நல்லது.

படி 5: துளையைச் சுற்றிச் சப்பாத்தி மாவால் ஒரு வரப்பு கட்டுங்கள். அதற்குள் ஊசி கழற்றிய 5 மி.லி. சிரிஞ்சால் எண்ணெய் விட்டால் ஓடாமல் தேங்கி நிற்கும். பத்துச் சொட்டுப் போதும்.

படி 6: முதலில் 4 மி.மீ. பிட்டால் வழித்துளை. அப்புறம் 10 மி.மீ. மெஷினை நேராகப் பிடித்து, உடம்பின் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். பயந்து பயந்து லேசாக அழுத்தினால் பிட் வெட்டாது, உரசும்; சூடு ஏறும். சரியாக வெட்டும்போது சீவல் நீளச் சுருளாக வரும், சத்தம் தாழ்ந்து ஒரே சீராக இருக்கும்.

படி 7: சீவலின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளியாக இருந்தால் தொடரலாம். வைக்கோல் நிறம் வந்தால் 220 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். நீலம் என்றால் 300 டிகிரி பக்கம். நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விடுங்கள். 2 மி.மீ. இறங்கியதும் பிட்டை வெளியே எடுத்து, மெஷினை நிறுத்தி, பழைய டூத் பிரஷால் சீவலைத் தள்ளுங்கள். விரலால் தொடவே கூடாது, அது பிளேடு போல அறுக்கும்.

படி 8: அடிப்பக்கம் வெளிவரப் போகும்போது சத்தம் மாறும். அங்கே அழுத்தத்தைத் தளர்த்துங்கள். பிட் தானாக முடித்துக்கொள்ளும்.

படி 9: துளையின் இருபக்கமும் நிற்கும் பிசிறை, இன்னும் பெரிய பிட்டைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி எடுத்துவிடுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தால் நன்றாகக் கழுவித் துடைத்து உலர்த்துங்கள். எண்ணெய் மிச்சம் இருந்தால் பெயின்ட் பிடிக்காது, உரிந்து வரும். உலர்ந்ததும் அன்றைக்கே ரெட் ஆக்சைடு (துருத் தடுப்புப் பூச்சு) அடித்துவிடுங்கள். துளையின் உள்சுவருக்கும் தூரிகையைச் செலுத்தி அடியுங்கள், துரு ஆரம்பிப்பது அங்கேதான்.

ஸ்டாண்டு முழுவதற்கும் இருபது, முப்பது துளை போட வேண்டியிருந்தால் பக்கத்து லேத் பட்டறையில் சொல்யுபிள் ஆயில் (தண்ணீரில் கலக்கும் கட்டிங் ஆயில்) கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். 20 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ஆயில், தண்ணீரில்தான் ஆயிலை ஊற்ற வேண்டும். பால் போலக் கலங்கும். இதிலும் தண்ணீர் இருப்பதால் கை டிரில்லுக்கு வேண்டாம். பெஞ்ச் டிரில்லில் வைத்துப் போடுபவர்களுக்கு மட்டும்.