எல் அலமைன் சண்டை புரிய வேண்டுமா? முதலில் ஒரு ஸ்கேல் எடுங்கள்

ஒரு பாலைவனச் சண்டை எப்படி ஒரு போரையே திருப்பிப் போடுகிறது என்று தெரிய வேண்டுமானால், தளபதிகளின் கதையை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் வடக்கு ஆப்பிரிக்கா வரைபடத்தை விரித்து, ஸ்கேலும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரில், 1942-இல் எகிப்தில் நடந்த எல் அலமைன் சண்டையை வைத்தே செய்து பார்ப்போம்.

கடலோரத்தில் எல் அலமைன் என்ற சின்ன ரயில் நிலையத்தைக் குறியுங்கள். அதற்குத் தெற்கே கட்டாரா பள்ளம் இருக்கிறது, உப்பும் புதைமணலும் நிறைந்த இடம், டாங்க் இறங்கினால் சிக்கிக்கொள்ளும். கடலுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான். பாலைவனத்தில் வழக்கமாகத் தெற்கே சுற்றி வந்து முதுகில் அடிப்பார்கள், ஜெர்மானிய, இத்தாலியப் படையின் தளபதி ரோமல் அதில் கெட்டிக்காரர், ஆனால் இங்கே சுற்றுவதற்கு இடமே இல்லை. எதிரே நிற்பவனை நேராக மோதித்தான் உடைக்க வேண்டும்.

சரி, இப்போது ஸ்கேலை வையுங்கள். இதுதான் முக்கியமான வேலை, அவசரப்படாதீர்கள். பிரிட்டிஷ் படைக்குப் பின்னால் அலெக்சாண்ட்ரியா சுமார் 100 கிலோமீட்டர், ரயிலும் உண்டு. ரோமலுக்கோ லிபியாவின் டோப்ருக் துறைமுகமே 500 கிலோமீட்டருக்கு மேல், பெரிய துறைமுகமான ட்ரிபோலி 2,000 கிலோமீட்டரைத் தாண்டும். அவ்வளவு தூரம் பெட்ரோல் சுமந்து வரும் லாரிகள் அந்தப் பெட்ரோலில் பெரும் பங்கைத் தாங்களே குடித்துவிடும். அதற்கும் முன்னால் கப்பல் கரை சேர வேண்டுமே! ஜெர்மானிய, இத்தாலிய ரகசியச் செய்திகளைப் பிரிட்டிஷார் உடைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். சண்டை நடுவே, அக்டோபர் 26 அன்று, டோப்ருக்குக்கு வந்துகொண்டிருந்த ப்ரோசர்பீனா என்ற எண்ணெய்க் கப்பலை விமானங்கள் தாக்கி அழித்தன. ரோமலின் திறமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அடுத்தது ஆள், டாங்க் கணக்கு. பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரியிடம் 1,000-க்கும் மேற்பட்ட டாங்குகள், ரோமலிடம் ஏறக்குறைய பாதி, அதிலும் பாதி பலவீனமான இத்தாலிய டாங்குகள். ஆனால் எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள், நடுவே லட்சக்கணக்கான கண்ணிவெடிகள் புதைந்து கிடந்தன. அக்டோபர் 23 இரவு கிட்டத்தட்ட 900 பீரங்கிகள் முழங்கிய பிறகு, பொறியாளர் படையினர் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்துப் பாதை திறந்தார்கள். பன்னிரண்டு நாள் அப்படியே அரைபட்டது. நான்காவது இந்திய டிவிஷனும் ருவைசாத் மேட்டில் நின்றது.

கடைசியாக, சண்டை முடிந்ததும் வரைபடத்தை மடித்துவிடாதீர்கள். நவம்பர் 4-இல் ரோமல் பின்வாங்குகிறார், நவம்பர் 8-இல் மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும் அமெரிக்கப் படை இறங்குகிறது. இரண்டு பக்கமும் நெருக்க நெருக்க, 1943 மே மாதம் துனிசியாவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானிய, இத்தாலிய வீரர்கள் சரணடைந்தார்கள். ஜூலையில் நேசநாடுகள் சிசிலியில் இறங்கின. சூயஸ் கால்வாயும் பிரிட்டிஷார் கையைவிட்டுப் போகவில்லை.

இந்த முறை பிடிபட்டதா என்று பார்க்க, ஸ்கேலைத் திருப்பி வையுங்கள். 1941 கடைசியில் பிரிட்டிஷ் படை ரோமலை லிபியாவின் எல் அகெய்லா வரை விரட்டியது, 1942 ஜனவரியில் அவர் திருப்பி அடித்தார். அப்போது யாருடைய லாரிகள் அதிக தூரம் ஓடிக்கொண்டிருந்தன என்று அளந்து பாருங்கள்.