வீட்டுமொழிக் கணக்கை எக்செலில் விளக்கப்படமாக்குதல்

சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசுவோர் 2010இல் 32.3 விழுக்காடு, 2020இல் 48.3 விழுக்காடு. மாண்டரின் 35.6இலிருந்து 29.9ஆகவும், மலாய் 12.2இலிருந்து 9.2ஆகவும், தமிழ் 3.3இலிருந்து 2.5ஆகவும் குறைந்தன. இம்மாற்றத்தை ஒரே பார்வையில் காட்ட ஒரு பட்டை விளக்கப்படம் போதும்.

முதல் நெடுவரிசையில் மொழிகளையும், அடுத்த இரண்டில் அந்தந்த ஆண்டின் விழுக்காடுகளையும் இடுங்கள். ஆண்டுகளைத் தலைப்பாக எழுதும்போது இடது மேல்மூலைக் கட்டத்தை வெறுமையாக விடுவது முக்கியம். அங்கே ‘மொழி’ என்று எழுதினால், 2010, 2020 ஆகியவற்றையும் எக்செல் தரவு எண்களாகக் கருதி இரண்டு ராட்சதப் பட்டைகளை எழுப்பக்கூடும், அவற்றின் அருகே மற்றவை கண்ணுக்கே தெரியாமல் போகும்.

பிறகு அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்து, ‘இன்சர்ட்’ பகுதியில் ‘கிளஸ்டர்டு காலம்’ (Clustered Column, பட்டைகள் அருகருகே நிற்கும் படம்) வகையைச் சொடுக்குங்கள். வட்டப்படம் அழகாக இருக்கலாம். ஆனால் ஒரு வட்டம் ஓர் ஆண்டை மட்டுமே காட்டும் என்பதால் இங்கே அது உதவாது.

செங்குத்து அச்சு சுழியத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். இல்லையெனில் அச்சை இருமுறை சொடுக்கி, ‘மினிமம்’ மதிப்பை 0 ஆக்குங்கள். தமிழுக்கான பட்டைகள் மிகக் குட்டையாகவே வரும். அச்சை வெட்டி அவற்றை உயர்த்திக் காட்டுவது நேர்மையன்று. படத்தின் ஓரத்திலுள்ள கூட்டல் குறியைச் சொடுக்கி ‘டேட்டா லேபிள்ஸ்’ சேர்த்தால், எண்கள் பட்டைகளின்மேல் தெளிவாகத் தெரியும். தலைப்பில் வயது வரம்பையும், படத்தின் அடியில் புள்ளிவிவரத் துறையின் பெயரையும் குறிப்பிடுங்கள்.